பங்களாப் புல்தரையா, காமன் பொட்டலா?

ஓர் அருங்காட்சியகத்தின் முன்வெளியைத் திருத்தியமைக்கும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது, அங்கே யார் வந்து நிற்கப்போகிறார்கள் என்பதைத்தான். செடி, கல், விளக்கெல்லாம் அதற்குப் பிறகு. நம் நாட்டில் பெரும்பாலும் இது தலைகீழாகவே நடக்கிறது.

1877இல் திறக்கப்பட்ட கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தை எடுத்துக்கொள்வோம். முன்னால் அகன்ற புல்வெளி, அதில் ஆளுநர் வில்லியம் கிரகரியின் சிலை. கட்டடத்தை முழுதாகக் கண்ணில் வாங்கத் தேவையான தூரத்தை அந்தப் புல்வெளி தருகிறது. பெருமரங்கள் நகர இரைச்சலைத் தணிக்கின்றன. ஆனால் அது பார்ப்பதற்கென்று விடப்பட்ட இடம், கூடுவதற்கென்று விடப்பட்டதல்ல.

யாழ்ப்பாணத்தில் இதற்கு நேர்மாறாக முயன்றிருக்கிறார்கள். இந்திய நன்கொடையில் பொது நூலகத்துக்கு அருகே எழுந்து, 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளிக்கப்பட்ட கலாசார நிலையத்தில் (இப்போது திருவள்ளுவர் பெயரில் வழங்குகிறது) அருங்காட்சியகமும் 600 பேருக்கு மேல் அமரும் அரங்கும் உண்டு. வெளியே இருக்கும் சதுக்கம் திறந்தவெளி அரங்காகவும் பயன்படும்படி திட்டமிடப்பட்டது. உள்ளே போகத் தயங்குகிறவரும் வாசலில் உரிமையோடு நிற்கலாம் என்பதால் இதைப் பெரிய முன்னேற்றம் என்றே சொல்வேன். ஆனால் கல் பாவிய சதுக்கம் எங்கே அமைந்தாலும், மரநிழல் போதாவிட்டால் பொழுது சாயும்வரை யாரும் அண்டமாட்டார்கள். நிகழ்ச்சி இல்லாத நாளில் ஒரு கிழவி உட்கார்ந்து வெற்றிலை போட அங்கே இடமிருக்கிறதா என்பதுதான் என் அளவுகோல்.

மலையகத்துக்கு வருவோம். கம்பளைப் பக்கம் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில், சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தை ஒரு பழைய லயத்திலேயே அமைத்தது. ஹந்தானையில் பழைய தேயிலை ஸ்டோருக்குள் இருக்கும் அருங்காட்சியகம் இயந்திரங்களையும் துரைமாரையும் முன்னிறுத்துகிறது. ஓல்ட் பீக்கொக்கிலோ கொழுந்து எடுத்தவர்களின் பொருட்கள் அவர்கள் வாழ்ந்த கூரையின் கீழேயே இருக்கின்றன. லயத்தை இடித்துப் புதுக் கட்டடம் எழுப்பாமல் விட்டதே பெரிய வடிவமைப்பு முடிவு.

ஆனால் லயம் சுவரோடு முடிவதில்லை. 10க்கு 12 அடி காம்பராவில் ஒரு குடும்பமே முடங்கியபோது, கல்யாணம், சாவு, சண்டை, சமாதானம் எல்லாம் வெளியேதான் நடந்தன. விடியலில் தப்புச் சத்தம் கேட்டு ஆட்கள் கூடிய பெரட்டுக்களம், மாசியில் இரவிரவாகக் கூத்து நடக்கும் காமன் பொட்டல்: மலையகத்தின் பொதுச் சதுக்கங்கள் இவைதான். அழகுபடுத்தல் என்று வந்தாலோ கைக்கு முதலில் வருவது துரை பங்களாவின் தோட்டம். வெட்டிய புல்தரை, பூப்பாத்தி, ‘புல்லில் நடக்காதீர்கள்’ பலகை. எங்கள் பாட்டிமார் கால் வைக்க அஞ்சிய அதே புல்தரையை அவர்கள் வரலாற்றின் வாசலில் விரிப்பது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

புல்லுக்கும் ஒரு நியாயம் உண்டு. சரிவில் அது மண்ணைப் பிடித்துவைக்கும். அதை அகற்றி முற்றத்தையெல்லாம் இன்டர்லொக் கல்லால் மூடினால், தென்மேற்குப் பருவ மழை நேரே கீழ் லயங்களுக்குள் பாயும். இதற்கு விடை தேயிலை மலையிலேயே இருக்கிறது. சரிவுக்குக் குறுக்கே மெல்லிய வாட்டத்தில் கான் வெட்டி நீரின் வேகத்தைக் குறைப்பதும், சாந்தில்லாமல் கல்லடுக்கி மண்ணை நிறுத்துவதும் எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை. அந்தக் கானையும் கல்கட்டையும் முன்வெளியின் உறுப்புகளாக்கினால் வடிகாலும் கிடைக்கும், அந்த உழைப்பும் கண்ணுக்குத் தெரியும்.

ஹட்டனில் ஓர் அருங்காட்சியகம் அமையுமானால் இது இன்னும் அவசியம். சம்பள நாளில் டவுனுக்கு வருகிறவர்கள் பஸ் வரும்வரை கடைப் படிகளில் பைகளோடு ஒண்டுகிறார்கள். டிசம்பரிலிருந்து மே வரை சிவனொளிபாதமலைக்குப் போகிற கூட்டமும் இதே வழிதான். இவர்களுக்கு வேண்டியது பூப்பாத்தி அல்ல. மழைக்கு ஒதுங்க ஓரமெல்லாம் தகரக் கூரை, கழிப்பறை, வயதானவர் இறங்க ஏதுவான படி. நடுவே மண்தரையாகவே விட்ட ஒரு பொட்டலும் வேண்டும். கூத்து இரவில் அங்கே எத்தனை பேர் நிற்கலாம், தப்புக் காய்ச்ச நெருப்பை எங்கே மூட்டலாம் என்பதை, வரைபடம் முடிவாகும் முன்னரே கூத்து மாஸ்டர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.