எந்த பைன்ட், எத்தனை பைன்ட்?

சிதம்பரம் வட்டாரத்தில் வயலில் பாம்பு தீண்டியவரும், ஐப்பசி மழைக்குப் பின் டெங்குவிலோ எலிக்காய்ச்சலிலோ ரத்த அழுத்தம் சரிந்தவரும் பெரும்பாலும் அண்ணாமலை நகர் மருத்துவமனைக்குத்தான் கொண்டுவரப்படுகிறார்கள். 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கியது, 2021இல் சுகாதாரத் துறையின் கீழ் வந்து கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. இத்தகைய நோயாளிக்கு முதலில் மாட்ட வேண்டியது என்.எஸ். (நார்மல் சலைன்) பாட்டிலா, ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) பாட்டிலா? உலகமே வழக்காடும் கேள்வி இது.

நார்மல் சலைனின் பலம் அதன் எளிமை. மலிவு, ஏறக்குறைய எல்லா மருந்தோடும் ஒத்துப்போகும், ரத்தம் ஏற்றும் அதே குழாயில் ஓடும். ஆனால் பெயரில்தான் 'நார்மல்'. ரத்தத்தில் குளோரைடு லிட்டருக்குச் சுமார் 100 மில்லிமோல், சலைனில் 154. லிட்டர் கணக்கில் ஏறினால் ரத்தம் அமிலமாகும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் குறையக்கூடும்.

ரிங்கர் லாக்டேட்டில் குளோரைடு சுமார் 110தான். அதிலுள்ள பொட்டாசியத்துக்கு அஞ்சிச் சிறுநீரக நோயாளிக்கு அதை மறுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஆனால் அது லிட்டருக்கு 4 மில்லிமோல், ரத்தத்தில் இருக்கும் அளவேதான். சலைனால் வரும் அமிலத்தன்மைதான் ரத்தப் பொட்டாசியத்தை ஆர்.எல்.லைவிட அதிகமாக ஏற்றிவிடும். தலைக்காயம் முக்கிய விதிவிலக்கு: ஆர்.எல். சற்று நீர்த்த திரவம், மூளை வீக்கத்தைக் கூட்டலாம். அங்கே சலைனே சரி.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2018இல் அமெரிக்காவின் 'ஸ்மார்ட்' ஆய்வு, 15,802 பேரில், ஆர்.எல். போன்ற சமநிலைத் திரவங்களுக்குச் சிறு ஆதாயம் கண்டது: மரணம் அல்லது சிறுநீரகப் பாதிப்பு 14.3 சதவீதம், சலைனில் 15.4. பிரேசிலின் 'பேசிக்ஸ்' (2021), ஆஸ்திரேலியா–நியூசிலாந்தின் 'பிளஸ்' (2022) இரண்டும் மரணத்தில் வேறுபாடு காணவில்லை. ஆனால் இவ்விரண்டிலும் சலைனோடு மோதியது, நம் ஊரில் பல மடங்கு விலையுள்ள பிளாஸ்மாலைட் என்ற இன்னொரு சமநிலைத் திரவம், ஆர்.எல். அல்ல. எலிக்காய்ச்சலும் பாம்புக்கடியும் நிறைந்த வார்டுக்கு அந்த முடிவை அப்படியே தூக்கிவர முடியாது. நமக்கு நெருக்கமானது 2005இல் வெளிவந்த வியட்நாம் ஆய்வு. டெங்குவில் மிதமான அதிர்ச்சிநிலைக்குச் சென்ற குழந்தைகளுக்கு, விலையுயர்ந்த டெக்ஸ்ட்ரான், ஸ்டார்ச் திரவங்களுக்கு இணையாக ஆர்.எல். போதுமானதாக இருந்தது.

என் கணிப்பில் இந்த வழக்கு பாதி வீண். திரவத்தின் வகையைவிட அளவே அதிகம் கொல்கிறது. டெங்குவில் ரத்தக்குழாய் கசிவது ஒன்றிரண்டு நாள்தான்; அதன்பின் கசிந்த நீர் தானாகவே குழாய்க்குத் திரும்பும். அப்போதும் சொட்டு ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரல் நிறையும். 2011இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் கடுங்காய்ச்சலோடு வந்த 3,141 குழந்தைகளில் நடந்த 'ஃபீஸ்ட்' ஆய்வில், வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தோர் 10 சதவீதத்துக்கும் மேல். அப்படி ஏற்றப்படாதவர்களில் 7.3. ஏற்றியது சலைனா ஆல்புமினா என்பதில் வித்தியாசமே இல்லை.

ஆகவே தலைக்காயம் இல்லாதவருக்கு ஆர்.எல்.லில் தொடங்குவதே நியாயம். ஒவ்வொரு பைன்ட் பாட்டிலுக்குப் பிறகும் நாடியையும் மூச்சையும் சிறுநீரையும் பார்த்த பிறகே அடுத்தது. வெளியே காத்திருக்கும் உறவினருக்கும் ஒரு வேண்டுகோள்: "இன்னொரு பாட்டில் ஏத்துங்க டாக்டர்" என்று நெருக்காதீர்கள். இதுவரை எத்தனை ஏறியது, சிறுநீர் எவ்வளவு போனது என்று கேளுங்கள்.