14 நாள் நின்ற வேலி

கல்லிலே வடித்தால்தான் சிற்பம். காலத்தை வென்று நின்றால்தான் கலை என்பர் சிலர். நைலான் துணியாலும் எஃகுக் கம்பத்தாலும் எழுப்பி, 14 நாட்களிலே பிரித்தெடுக்கத் தொடங்கிய ஒன்றைச் சிற்பம் எனலாமா? எனலாம் என்கிறோம் நாம்!

பல்கேரியாவிலே பிறந்த கிறிஸ்டோவும் அவர் துணைவியார் ழான் குளோடும் 1976 செப்டம்பரிலே கலிபோர்னியக் குன்றுகளின் மீது அமைத்த 'ஓடும் வேலி'யே அது. உயரம் 5.5 மீட்டர், நீளம் ஏறத்தாழ 39 கிலோமீட்டர், கம்பங்கள் 2,050. காணவொண்ணாக் காற்றை வெண்துணி காட்டிற்று. மேடும் பள்ளமும் அதன் கோட்டிலே உருப்பெற்றன.

அழகு மட்டுமா அதன் சிறப்பு? அன்று! எவரிடமும் நன்கொடை பெறாது, தாம் வரைந்த படங்களை விற்றே பொருள் திரட்டினர். 59 பண்ணையாளரிடம் இசைவு கேட்டனர். 18 பொது விசாரணைகள் நடந்தன. 'எது கலை?' என்று மாடு வளர்ப்போரும் வாதிட்டனர். வல்லுநர்க்கே உரியதென எண்ணிய வினாவை மக்கள் மன்றத்திலே வைத்ததன்றோ வெற்றி!

ஆயினும், குறையை மறைப்பது திறனாய்வாகாது. வேலியின் கடைசிப் பகுதி, கடற்கரை ஆணையத்தின் இசைவின்றியே பசிபிக் கடலுள் இறக்கப்பட்டது. வாசல்தோறும் இசைவு கேட்டவர்கள், முடிவிலே பொதுவிதியை மீறியது முறையா? கலைஞனுக்கெனத் தனி நீதி உண்டென்றால், பிறப்பாலும் பொருளாலும் தனி நீதி கேட்போரை எந்த வாயால் மறுப்போம்?

துணியும் கம்பமும் பண்ணையாளர்க்கே அளிக்கப்பட்டன. குன்றுகள் பழையபடி ஆயின. வேலி மறைந்தது, அது எழுப்பிய வினா மறையவில்லை: கலை யாருக்காக, யார் இசைவோடு?