ஷானனின் ஆய்வேடு – ஒரு மதிப்பீடு

‘உம்’ வாயில், ‘அல்லது’ வாயில், ‘இல்லை’ வாயில் ஆகியவற்றின் உண்மை அட்டவணைகளை மாணவர்கள் நெட்டுருச் செய்வதுண்டு. இத்தகைய தருக்கத்தை மின்சுற்றோடு முறையாகப் பிணைத்த எழுத்துகளுள் தலையாயது, கிளாட் ஷானன் 1937ஆம் ஆண்டில், தமது 21ஆம் வயதில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற்கு அளித்த ஆய்வேடாகும். 1938இல் அது கட்டுரையாகவும் வெளிவந்தது. இன்று அதைப் படிப்பவருக்குக் கிடைப்பது என்ன? கிடைக்காதது என்ன?

ஜார்ஜ் பூல் 1854இல் விரிவாக வகுத்த தருக்க இயற்கணிதத்தை ஷானன் ரிலேக்களுக்குப் பொருத்தினார். மூடிய சுற்றுக்கு 0, திறந்த சுற்றுக்கு 1; தொடரிணைப்பு கூட்டல், பக்க இணைப்பு பெருக்கல் என்று கொண்டார். இன்றைய பாடநூல் வழக்கிற்கு இது நேர்மாறானது. ஆயினும் பயன் ஒன்றே. க + கப = க என்னும் சமன்பாட்டைப் பாருங்கள். க, ப என்னும் இரு சுவிட்சுகளின் பக்க இணைப்போடு மற்றொரு க-வைத் தொடராக இணைத்தாலும், தனியொரு க செய்யும் வேலையைத்தான் அச்சுற்றுச் செய்யும். மற்றவை வீண் என்பதைத் தாளிலேயே கண்டுவிடலாம். ரிலே போய் டிரான்சிஸ்டர் வந்தபோதும் இக்கணிதம் மாறவில்லை. இதுவே ஆய்வேட்டின் வெற்றி. (ஜப்பானில் அகிரா நகாஷிமாவும் 1930களில் இதையொத்த முடிவுகளைத் தனியே எய்தினார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

குறை எங்கே? மின்தூக்கியை அழைக்கும் பொத்தானை அழுத்துகிறோம், விளக்கு எரிகிறது. விரலை எடுத்த பின்னும், தூக்கி வந்து சேரும் வரை அது எரிந்துகொண்டே இருக்கிறது. அழுத்துவதற்கு முன்பும் பொத்தான் அழுத்தப்படாத நிலையில்தான் இருந்தது. இப்போதும் அதே நிலைதான். ஆனால் அன்று விளக்கு இல்லை; இன்று உண்டு. ஒரே உள்ளீட்டிற்கு இரு வெளியீடுகள்! எளிய உண்மை அட்டவணை இதற்கு விடை தராது. வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டிற்கே திருப்பி அனுப்பினால், சுற்றுக்கு நினைவு பிறக்கிறது. முன்பு என்ன நடந்தது என்பதும் கணக்கில் சேர்கிறது.

ஷானன் இதை அறியாதவரல்லர். ஐந்து பொத்தான்கள் கொண்ட மின்பூட்டு ஒன்றை அவரே வடிவமைத்துக் காட்டுகிறார். குறித்த வரிசையில் அழுத்தினால் பூட்டுத் திறக்கும். தவறினால் அபாய அறிவிப்பு எழும். வரிசையை நினைவில் வைக்கக் கூடுதல் ரிலேக்களைச் சேர்க்கிறார். ஆனால் அது அந்தப் பூட்டுக்கு மட்டும் கண்ட வழி. எல்லாவற்றுக்கும் பொருந்தும் கொள்கையாக விரியவில்லை. அக்கொள்கையை ஹஃப்மன் (1954), மீலி (1955), மூர் (1956) ஆகியோர் வகுத்தளித்தனர்.

முதல் அடி எடுத்து வைத்தவரிடம் முழுப் பயணத்தையும் எதிர்பார்ப்பது முறையன்று. ஆனால் அவர் நின்ற இடத்திலேயே நம் பாடமும் நின்றுவிடலாமா? வாயில்களை மட்டும் கற்ற மாணவர், துவைக்கும் எந்திரம் கதவு மூடாவிட்டால் ஓட மறுப்பதை விளக்கிவிடுவார். துவைத்த பிறகே அது அலசுவது ஏன் என்று கேட்டால் திகைப்பார். முன்னதற்கு வாயில்கள் போதும். பின்னதற்கு நினைவு வேண்டும். ஆகவே ஷானனின் ஆய்வேட்டைப் படிப்போர் அந்தப் பூட்டுப் பகுதியை விட்டுவிடாமல் படிக்க வேண்டும். அவரது கணிதத்தின் எல்லையும், அடுத்த பாடத்தின் தொடக்கமும் அங்கேதான் இருக்கின்றன.