தெற்கு அதிவேகப் பாதைத் தீர்ப்பு: ஒரு மறுநோக்கு

சட்டத்துறைக்கு வெளியே உள்ளோர் நீதிமன்றத் தீர்ப்புகளைப் படித்து மதிப்பிடுதல் அரிது. வழக்கில் வென்றவர் யார், கிடைத்தது என்ன என்பதோடு ஆர்வம் நின்றுவிடுகிறது. ஆயினும், பொது நன்மை, தனியார் உரிமை என்னுஞ் சொற்களுக்கு ஒரு சமுதாயம் நடைமுறையில் என்ன பொருள் கொள்கிறது என்பதைத் தீர்ப்புகளிலேயே தெளிவாகக் காணலாம். தெற்கு அதிவேகப் பாதை தொடர்பாக இலங்கை உயர் நீதிமன்றம் 2004 சனவரியில் வழங்கிய தீர்ப்பு இவ்வகையில் நுணுகி நோக்கத்தக்கது. நீதியரசர் மார்க் பெர்னாண்டோ எழுதிய இத்தீர்ப்பு சுற்றாடற் சட்டம் பற்றிப் பேசுவோராற் பெரிதும் பாராட்டப்படுவது. அப்பாராட்டுக்கு அது தகுதியுடையதே. எனினும், அது விடையிறுக்காது விட்ட வினா ஒன்றுண்டு. அவ்வினா அத்தீர்ப்பின் எல்லையைக் காட்டுவதாகும்.

முதற்கண் சட்டத்தின் பின்னணியை நோக்குதல் வேண்டும். 1950 ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டம் அரசுக்கு அளிக்கும் அதிகாரம் பெரிது. ஒரு காணி பொது நோக்கத்துக்கு வேண்டியதென வெளியிடப்படும் பிரகடனம் முடிவான சான்றாகும் என அதன் 5 ஆம் பிரிவு கூறுகிறது. அவசரத் தேவையெனிற் காணியை உடனடியாகக் கையேற்க 38 ஆம் பிரிவின் காப்புரை இடமளிக்கிறது. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலோ சொத்துரிமை அடிப்படை உரிமைகளுள் இடம்பெறவில்லை. ஆகவே, காணியை எடுக்குமுன் தம் சொல்லைக் கேட்கவேண்டும் என்னும் உரிமையே காணியுடையாருக்குப் பெரும் பாதுகாப்பாக எஞ்சுகிறது. தேசிய சுற்றாடற் சட்டத்துக்கு 1988 இல் கொண்டுவரப்பட்ட திருத்தமும் கேட்டலையே அடிப்படையாகக் கொண்டது. பெருந்திட்டங்களின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டறிக்கை 30 நாட்களுக்குப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவேண்டும். அங்கீகாரம் பெற்ற திட்டத்தைப் பின்னர் மாற்றுவதாயின் மாற்றத்துக்கும் அங்கீகாரம் பெறவேண்டும்.

கொழும்பு மாவட்டத்தையும் மாத்தறையையும் இணைக்கும் அதிவேகப் பாதை ஆசிய அபிவிருத்தி வங்கியினதும் யப்பானினதும் கடனுதவியுடன் திட்டமிடப்பட்டது. மதிப்பீட்டறிக்கையில் ஆராயப்பட்ட வழித்தடத்தை மத்திய சுற்றாடல் அதிகார சபை 1999 இல் நிபந்தனைகளுடன் அங்கீகரித்தது. வேரஸ் கங்கை, பொல்கொடைச் சதுப்பு நிலங்களுக்கு ஊறு நேராவண்ணம் பாதையை நகர்த்தவேண்டும் என்பது அந்நிபந்தனைகளுள் ஒன்று. பின்னர் வீதி அபிவிருத்தி அதிகார சபை வகுத்த இறுதித் தடம், பண்டாரகமைப் பகுதி உட்படச் சில இடங்களில் முந்திய தடத்தினின்றும் விலகிச் சென்றது. புதிய தடத்தில் அகப்பட்டோருக்கு, அறிக்கை பார்வைக்கு வைக்கப்பட்ட காலத்தில், அதனாற் பாதிக்கப்படப் போவோர் தாமே என அறிய வழியிருக்கவில்லை. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2003 இல் அவர்களுடைய மனுக்களைத் தள்ளுபடி செய்தது. உயர் நீதிமன்றமோ, தடமாற்றத்துக்கு உரிய அங்கீகாரம் பெறப்பட்டிருக்க வேண்டும் எனவும், பாதிக்கப்படுவோரைக் கேளாது விட்டமை இயற்கை நீதிக்கும் அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரை கூறும் சமத்துவ உரிமைக்கும் மாறானது எனவும் முடிவு செய்தது. ஆயினும் வேலையை நிறுத்துமாறோ தடத்தை மாற்றுமாறோ கட்டளையிடாது, உரிமை மீறலுக்கு நட்டஈடு வழங்குமாறு பணித்தது.

இத்தீர்ப்பின் சிறப்புகள் இரண்டு. பொது அதிகாரம் மக்களின் பொருட்டு நம்பிக்கைப் பொறுப்பாக ஒப்படைக்கப்பட்டது என்னுங் கோட்பாட்டை அது வலியுறுத்திற்று. எப்பாவல பொசுபேற்று வழக்கில் 2000 ஆம் ஆண்டிலே இயற்கை வளம் பற்றி வளர்ந்த சிந்தனையோடு இது ஒப்புநோக்கத்தக்கது. அடுத்து, சதுப்பு நிலத்தைக் காத்தல் என்னும் நற்காரணங்கூட அயலிலுள்ள குடிமக்களைக் கேளாது விடுவதற்குச் சாட்டாகாது என்பதை அது நிலைநாட்டிற்று. சுற்றாடலைக் காப்பதன் சுமையைச் சிலர் தோளில் ஏற்றுவதாயின், அச்சிலரிடமே முதலிற் பேசவேண்டும் என்பது இதன் கருத்து.

தீர்ப்பின் உயிர்நாடியான வாக்கியம் ஒன்றுண்டு. பெருங்கோடி ரூபா பெறும் தேசியத் திட்டத்தின் முன் ஏழைக் கிராமத்தவரின் சிறு நிலமும் குடிலும் அற்பமானவை என்பதால், முறையான நடைமுறைக்கான உரிமையை அவர் கைவிடவேண்டும் என்பது அனுமதிக்கத்தக்கதாயினும், அவ்வுரிமை மீறலை முற்றாகப் புறக்கணித்தல் நியாயமாகாது. சொத்து எவ்வளவு சிறிதோ, நட்டஈட்டு உரிமை அவ்வளவு பெரிது என்பது அதன் சாரம். இவ்வாக்கியத்தின் பிற்பகுதியிலுள்ள மனிதநேயம் போற்றத்தக்கது. ஆனால் முற்பகுதி ஒரு நிபந்தனை வாசகமாகவே நிற்கிறது. அது அனுமதிக்கத்தக்கதா என்பதுதான் வழக்கின் மூலவினா. அவ்வினாவை எடுத்து வாதித்து முடிவு செய்யாது, ஓர் அனுமானமாக ஏற்றுக்கொண்டு வாக்கியம் நட்டஈட்டுக்குச் சென்றுவிடுகிறது. இதனாற் கேட்கப்படும் உரிமை விலை செலுத்தித் தீர்க்கக்கூடிய கடனாக மாறுகிறது. பெருந்திட்டமொன்றின் செலவுக் கணக்கிலே அத்தகைய கடன் மிகச் சிறிய தொகையே. அதிகார சபையொன்று கேளாது விடுவதால் மிச்சமாகுங் காலத்தைப் பின்னர் பணத்தால் ஈடுசெய்யலாம் என எண்ணுமாயின், தீர்ப்பு அதனைத் தடுக்கும் வலியற்றது.

வேலையை நிறுத்தியிருப்பின் பொதுமக்களுக்கே பெருநட்டம் நேர்ந்திருக்கும் எனச் சிலர் கூறுவர். இவ்வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. கடன்வட்டியும் ஒப்பந்தகாரரின் கோரிக்கைகளும் ஈற்றில் வரியிறுப்போர் மீதே விழும். ஆனால், கேளாது தொடங்கியவரே தொடங்கிவிட்டமையைக் காரணங்காட்டித் தப்புவது நீதியாகாது. மேலும், கொட்டாவையிலிருந்து காலி வரையான பகுதி வாகனப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது 2011 நவம்பரிலேயே. மாத்தறை வரை அது நீண்டது 2014 இல். தீர்ப்பின் பின் ஏழாண்டுகளுக்கு மேற் கழிந்தன. இத்தாமதத்தை நீதிமன்றம் முன்கூட்டியே அறிந்திருக்க முடியாது என்பது உண்மையே. எனினும், சில மாதங்களுள் முடிக்கத்தக்க ஒரு விசாரணைக்கு இடமில்லை என்னும் அவசரவாதத்தின் மெய்ப்பெறுமானத்தை இது காட்டுகிறது. முற்றாக நிறுத்துதலுக்கும் பணம் கொடுத்து முடித்தலுக்கும் இடையே வேறு வழிகளும் உள. மாற்றப்பட்ட பகுதிகளுக்கு மட்டும் துணை அறிக்கை கோருதல், மதகுகளையும் குறுக்குப் பாதைகளையும் ஊரவரைக் கேட்டு அமைத்தல் போன்றவை அத்தகையன.

கேட்டல் காணியுடையாரின் நலனுக்கு மட்டும் உரியதன்று. மாரியில் எந்த வயல் முதலில் நிரம்பும், எந்த வாய்க்கால் வழியே வெள்ளம் வடியும் என்பவற்றைத் தலைமுறையாக அங்கு வாழ்வோர் அறிவர். உயர்ந்த மண்ணணை ஒன்று தாழ்நிலத்தை ஊடறுக்கும்போது அவ்வறிவு பொறியியலாளருக்கு இன்றியமையாதது. அவர்களைக் கேளாது விடுதல் காணியுரிமையையும் நீர்நிலையையும் ஒருங்கே பாதிக்கும். நட்டஈடு பெற மனுதாரர் உளர். சதுப்பு நிலத்துக்கு எவரும் நட்டஈடு செலுத்துவதில்லை. வழக்குத் தொடுக்க வசதியற்ற அயலவரும் அந்நிலத்தைப் போன்றோரே.

ஆசிய அபிவிருத்தி வங்கியின் இணக்க மீளாய்வுக் குழு 2005 இல், இத்திட்டத்தில் வங்கி தன் சொந்தக் கொள்கைகளுட் சிலவற்றைக் கடைப்பிடிக்கத் தவறியதெனக் கண்டது. விருப்பின்றிக் குடிபெயர்க்கப்படுவோர் பற்றிய தேசியக் கொள்கையை இலங்கை அமைச்சரவை 2001 லேயே ஏற்றிருந்தது. ஆகவே விதிகளுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. குறைபாடு கேட்கும் வேளையிலேயே இருந்தது. தடம் வரைபடத்திற் கோடாக இருக்கும்வரை பொது நன்மை, காணியுரிமை, சுற்றாடல் ஆகிய மூன்றையும் ஒருங்குவைத்து நிறுக்கலாம். இயந்திரங்கள் இறங்கியபின் எஞ்சுவது இழப்பைக் கணக்கிடுதலே. 2004 ஆம் ஆண்டுத் தீர்ப்பு அக்கணக்கை இரக்கத்தோடும் நேர்மையோடும் பார்த்தது. கோடு வரையப்படும் வேளையிலேயே அதிகாரத்தைத் தடுத்து நிறுத்திக் கேட்கச் செய்யும் தீர்ப்பே அதன் அடுத்த படியாக அமைதல் வேண்டும்.