ஜாக்காலுக்கு முந்தின புத்தகம்

ஃப்ரெடரிக் ஃபோர்ஸித் 2025 ஜூனில் 86 வயதில் காலமானபோது அஞ்சலி எழுதியவர்கள் முதலில் சொன்னது 'தி டே ஆஃப் தி ஜாக்கால்' பற்றித்தான். நியாயம்தான். பிரெஞ்சு ஜனாதிபதி டி கோலைக் கொல்லக் கூலிக்கு ஒருத்தன் கிளம்புகிற கதை. அவர் சுடப்படவில்லை என்பது ஊருக்கே தெரியுமே, இதை எவன் படிப்பான் என்று சில பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1971-ல் வந்தது, உலகமே படித்தது. காரணம், கதையில் கேள்வி 'என்ன ஆகும்' இல்லை, 'எப்படிச் செய்வான்'. செத்துப்போன குழந்தையின் பிறப்புச் சான்றிதழை வாங்கி அதே பெயரில் பாஸ்போர்ட் எடுக்கிறான் பாருங்கள், அது ரிப்போர்ட்டர் எழுத்து. ராய்ட்டர்ஸுக்காக 1962-ல் பாரிஸில் டி கோல் பின்னாலேயே அலைந்தவர் ஆச்சே! (பிரிட்டிஷ் ரகசியப் போலீஸே இதே வித்தையைக் கையாண்டு, தங்களுக்குள் 'ஜாக்கால் ரன்' என்று பெயரும் வைத்துக்கொண்டது.)

என் ஓட்டு அவருடைய முதல் புத்தகத்துக்கு. 'தி பயாஃப்ரா ஸ்டோரி', 1969. நைஜீரியாவிலிருந்து 1967-ல் பிரிந்த பயாஃப்ராவுக்கு பிபிசி அவரை அனுப்பியது. பிரிட்டன் நைஜீரியாவுக்கு ஆயுதம் கொடுத்துக்கொண்டிருந்த சமயம். இவர் அனுப்பிய செய்திகள் மேலிடத்துக்கு ரசிக்கவில்லை. 1968-ல் வேலையை உதறிவிட்டுத் தனி ஆளாகத் திரும்பிப் போனார். முற்றுகையில் குழந்தைகள் வயிறு உப்பி, முடி செம்பட்டையாகிச் செத்ததை எழுதினார். நடுநிலை? சுத்தமாகக் கிடையாது. பயாஃப்ரா தலைவர் ஓஜுக்வு அவருடைய சிநேகிதர். அவர்மேல் குறை காணவே மனசு வரவில்லை. அது பலவீனம்தான். ஆனால் அந்தக் கோபம் பிற்பாடு எந்த நாவலிலும் இல்லை. அவற்றில் துப்பாக்கியின் நீள அகலம் துல்லியமாக இருக்கும்; பிடித்திருப்பவனுக்கு முகம் இருக்காது. பெண்கள்? வெறும் அட்டை.

2015-ல் வந்த சுயசரிதையில் ஒரு குண்டு போட்டார். பயாஃப்ராவில் இருந்தபோதே எம்ஐ6-க்குத் தகவல் கொடுத்தாராம், சம்பளம் இல்லாமல். அதாவது எந்த அரசைத் திட்டி எழுதினாரோ, அதே அரசின் உளவுத்துறைக்கு! இதைத் தெரிந்துகொண்டு பழைய புத்தகத்தை மறுபடி படித்தேன். இதை யாருக்காக எழுதினார் என்று பல பக்கங்களில் உறுத்தியது. குழந்தைகள் வருகிற பக்கங்களில் மட்டும் உறுத்தவில்லை.

1970 ஜனவரியில் பயாஃப்ரா சரணடைந்தது. பல லட்சம் பேர் பட்டினியில் போயிருந்தார்கள். அதே ஜனவரியில்தான், கையில் காசில்லாமல், லண்டனில் நண்பர் வீட்டில் உட்கார்ந்து ஜாக்காலைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். 35 நாளில் முடித்துவிட்டார்.