பெயின்ட் கறையும் கடைசித் தண்ணீரும்

இங்கிலாந்தில் ‘ஒயிட் ஸ்பிரிட்’, அமெரிக்காவில் ‘மினரல் ஸ்பிரிட்’. பெயர் இரண்டானாலும் பொருள் ஏறக்குறைய ஒன்றே: எனாமல் பெயின்ட்டையும் கிறீசையும் கரைக்கும், பெற்றோலியத்தில் வடித்த நிறமற்ற திரவம். கதவுக்குப் பெயின்ட் அடித்த கை, எஞ்சின் கழற்றிய கை, பலாப்பழம் வெட்டிய கத்தி என்று அதற்கான வேலை இலங்கையின் கல்முனையிலும் உண்டு, தமிழ்நாட்டிலும் உண்டு. அந்த வேலையை இரு கரையிலும் எதைக் கொண்டு முடிக்கிறார்கள்?

நெருங்கிய ஈடு பெயின்ட் கடை டர்பன்டைன். இந்தியாவில் அந்தப் பெயரில் விற்பதில் பெரும்பகுதி பைன் மரப்பிசினில் வடித்ததல்ல. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் எடுக்கும் மினரல் டர்பன்டைன், அதாவது ஒயிட் ஸ்பிரிட்டின் உடன்பிறப்பு. தின்னரை அதன் இடத்தில் வைக்கக் கூடாது. லாக்கருக்கான தின்னர் பிளாஸ்டிக் கதிரையையும் மேசை வார்னிஷையும் சேர்த்தே இளக்கிவிடும்.

ஆனால் வீட்டுக்காரர் கை முதலில் போவது மண்ணெண்ணெய்க்கு. ஒயிட் ஸ்பிரிட் ஏறத்தாழ 150 முதல் 200 பாகை செல்சியசுக்குள் கொதித்து முடியும். மண்ணெண்ணெய் 300 பாகை வரை இழுக்கும். அதனால் கறை கரைந்தாலும் மண்ணெண்ணெய் மெல்லத்தான் காயும், பிசுபிசுப்பும் வாடையும் நிற்கும். பிறகு சவர்க்காரம் போட்டே ஆக வேண்டும்.

மண்ணெண்ணெய் வீட்டுக்கு வரும் வழிதான் இரு கரையிலும் வேறு. கல்முனை அடங்கிய அம்பாறைக் கரையில் வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுவதால், மீனவர் வீட்டில் அது தொழிலின் மிச்சமாகவே இருந்தது. 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குத் தாவியபின், துணியில் நனைத்துத் துடைப்பதற்கும் கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் அது ரேஷன் அட்டையின் பங்காக வந்தது. டீசலில் கலப்பதைத் தடுக்க நீலச்சாயம் ஏற்றியது. எரிவாயு இணைப்பு பரவப் பரவ அந்தப் பங்கு சுருங்கியது. அடுப்புக்குத் தேவைப்படாத வீட்டில் கறைக்கும் அது கிடைக்காது. பெயின்ட் கடைக்குத்தான் போக வேண்டும்.

முஸ்லிம் ஊர்களில் கறை அகற்றும் இந்தத் தேவைக்கு அவசரமும் சேர்கிறது. தொழுகைக்கு முன் கைகால் கழுவி உளூச் செய்யும்போது தண்ணீர் தோலைத் தொட வேண்டும். நகத்தோரம் படிந்த எனாமல் அதை மறிக்கும். எனவே லுஹர் எனும் நண்பகல் தொழுகைக்கு முன் பெயின்டர் அதை அகற்றியாக வேண்டும். கல்முனைக்கு அருகே மருதமுனையில் நூலுக்குச் சாயம் தோய்ப்பவருக்கு அந்தச் சிரமம் இல்லை. மருதாணிபோல வெறும் நிறம்தான் நிற்கிறது. படலம் இல்லாததால் தண்ணீர் தோலைச் சேரும்.

துணியில் கோழி இரத்தம் நிறையப் பட்டால் கேள்வி மாறும். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹப் என்ற சட்டவழியில் அசுத்தத்தை நீக்கித் துணியைத் தூய்மையாக்கத் தண்ணீர்தான் வேண்டும். கரைப்பானால் கறை மறைந்தாலும், தண்ணீரில் அலசாதவரை தொழுகைக்கு அந்தச் சட்டை ஆகாது. ஹனஃபிகளோ வினிகர், பன்னீர் போன்ற தூய திரவங்களாலும் அசுத்தத்தை நீக்கலாம் என்பர். ஆகவே டிரை கிளீனிங் முடிந்து வந்த உடுப்பை இரு மத்ஹபினரும் ஒரே கண்ணால் பார்க்க மாட்டார்கள்.

இந்த வேறுபாட்டுக்குப் பாக்குநீரிணை எல்லையல்ல. தமிழ்நாட்டின் காயல்பட்டினமும் கீழக்கரையும் ஷாஃபிஈ ஊர்கள்; கல்முனையோடு நிற்பவை. அதே தமிழ்நாட்டில் ஆம்பூரும் வாணியம்பாடியும் ஹனஃபி வழி. போத்தல் எங்கே கிடைக்கும், என்ன விலை என்பதை நாடு தீர்மானிக்கிறது. கழுவி முடிந்ததா என்பதை மத்ஹப் தீர்மானிக்கிறது.

கைக்கு மட்டும் இவை எதுவுமே தேவைப்படாமல் போகலாம். காயாத எனாமலும் பலாப்பாலும் தேங்காயெண்ணெய்க்கே இளகும். பிறகு சவர்க்காரம், தண்ணீர். காயத் தொடங்கிய கறைக்கு டர்பன்டைன், கதவைத் திறந்துவைத்து, அடுப்புக்கு எட்டத்தில். மண்ணெண்ணெய் வைத்திருப்பவர் அதைச் சோடாப் போத்தலில் ஊற்றிவைக்கவே கூடாது: பிள்ளை குடித்தால் அது நுரையீரலைத் தாக்கும்.