கடைசி மெட்ரோவுக்கு முன் முடிகிற படங்கள்

படவிழா அட்டவணை கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் தேடுவது இயக்குநர் பெயரை. பிறகு நாடு. பிறகு கான், வெனிஸ், பெர்லின் என்று ஏதாவது முத்திரை விழுந்திருக்கிறதா என்று. கொருக்குப்பேட்டையிலிருந்து கிளம்புகிறவன் கண் முதலில் போவது நிமிடக் கணக்குக்கு. படம் எவ்வளவு நேரம், முடியும்போது மணி என்ன ஆகியிருக்கும்? அதைப் பார்த்துவிட்டுத்தான் இயக்குநர் யார் என்றே பார்ப்பான்.

சினிமா நண்பர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நூரி பில்கே ஜெய்லான் படத்தைப் போய் பஸ் டைம் பார்த்தா தேர்ந்தெடுப்பது? ஆனால் படவிழாவுக்குத் திட்டம் போடுவதே ஒரு விமர்சன வேலைதான். நூற்றுக்கு மேல் படங்கள் குவிந்திருக்கும் அட்டவணையில் பத்தையோ பதினைந்தையோ எடுத்துக்கொண்டு மிச்சத்தை விடுகிறோம். ஒரு வரிகூட எழுதாமல் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பில் ரசனைக்கு எவ்வளவு பங்கு, குடியிருக்கிற ஊருக்கு எவ்வளவு பங்கு என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

சென்னை சர்வதேசத் திரைப்பட விழா 2003-இல் தொடங்கியது. இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் நடத்துகிறது. பெரும்பாலும் டிசம்பரில், ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாக. இந்த இருபது ஆண்டுகளில் படம் ஓடிய இடங்களை நினைவுபடுத்திப் பாருங்கள்: ராயப்பேட்டை உட்லண்ட்ஸ், மயிலாப்பூர் ஐநாக்ஸ், மவுண்ட் ரோடு தேவி, அண்ணா, பக்கத்தில் கேசினோ, ரஷ்யக் கலாச்சார மையம், கடைசியாகச் சத்யம் வளாகம். அத்தனையும் கூவத்துக்குத் தெற்கே. யாரும் உட்கார்ந்து சதி செய்து இப்படி வைக்கவில்லை. நல்ல ஒலி, நல்ல திரை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூன்று அரங்கம் வேண்டும் என்றால் அங்கேதான் கிடைக்கும். ஆனால் விளைவு விளைவுதான். மயிலாப்பூர்க்காரர் நடுவில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு அடுத்த படத்துக்கு வரலாம். நாம் காலையில் கிளம்பினால் கிளம்பினதுதான்.

கணக்கு இப்படி. 2021 பிப்ரவரியில் மெட்ரோ வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை நீண்டது. அதற்குப் பிறகு தண்டையார்பேட்டையில் ஏறி எல்.ஐ.சி.யில் இறங்கினால் ராயப்பேட்டைக்கு நடந்துவிடலாம். பெரிய வசதி, மறுக்கவே முடியாது. ஆனால் இரவு பதினொன்றை ஒட்டி மெட்ரோ அடங்கிவிடும். உதாரணத்துக்கு ஜெய்லானின் ‘விண்டர் ஸ்லீப்’ 196 நிமிடம். அதை 7.30 காட்சியில் போட்டால் முடியும்போது மணி 10.46. அதுவும் சொன்ன நேரத்துக்கு ஆரம்பித்தால். கடைசிப் பத்து நிமிடத்தில் நீங்கள் படத்தைப் பார்ப்பீர்களா, செல்போனில் மணியைப் பார்ப்பீர்களா? ஓடிப்போய் வண்டியைப் பிடித்தாலும் தண்டையார்பேட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோ கிடைக்க வேண்டும். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வீடு என்றால் கேட் திறந்திருக்க வேண்டும். கூட்ஸ் வண்டி யார்டுக்குள் நுழையும்வரை இருபக்கமும் பைக்கை அணைத்துவிட்டு நிற்கிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும். எங்கள் பக்கம் எதற்குத் தாமதமானாலும் ‘கேட்டு போட்டுட்டான்’ என்றால் போதும், மேற்கொண்டு யாரும் கேட்கமாட்டார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் பகல். படவிழா என்பது வாரநாட்களில் காலையிலேயே ஆரம்பித்துவிடும் சமாச்சாரம். அதன் வடிவமே ஒரு பார்வையாளரை மனதில் வைத்திருக்கிறது: அவருக்கு எட்டு நாள் விடுப்பு உண்டு, அல்லது வேலை நேரத்தை அவரே முடிவு செய்துகொள்வார். சமீப ஆண்டுகளில் அனுமதிச் சீட்டு பொதுவாக ஆயிரம் ரூபாய், மாணவர்களுக்கு ஐநூறு. அந்தப் பணம் பெரிதில்லை, எட்டு நாள் கூலிதான் பெரிது. கண்டெய்னர் யார்டில் ஷிப்ட் பார்க்கும் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவரிடம் படவிழா பற்றிச் சொன்னபோது கேட்டார்: “இன்னா தம்பி, எட்டு நாளு வேலைக்கு மட்டம் போட்டுட்டு சினிமா பாக்குறதா? அப்பாலிக்கா வேலை இருக்குமா?” சினிமா பிடிக்காதவரில்லை. ஒரு காலத்தில் அகஸ்தியாவில் ஒரு படம் விடாதவர். அந்த அகஸ்தியாவையும் 2020-இல் மூடிவிட்டார்கள்.

சரி, இத்தனை தடைக்கு நடுவில் எப்படித் திட்டம் போடுவது? முதலில் ஒரு வழக்கத்தைக் கைவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து படம், எட்டு நாளில் முப்பத்தைந்து என்று முகநூலில் எண்ணிக்கை போடுகிற வழக்கம். எனக்கு அது கல்யாணப் பந்தியில் இலைக்கு இலை தாவுவது போலத் தெரிகிறது. நாலாவது படத்தில் ருமேனியப் போலீஸ்காரரும் ஈரானியத் தகப்பனாரும் மண்டைக்குள் ஒருவர் சட்டையை இன்னொருவர் போட்டுக்கொள்வார்கள். மூன்றுக்கு மேல் பார்க்காதீர்கள். இரண்டுதான் முடிகிறது என்றால் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பெரிய விருது வாங்கிய படங்களைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அவை எப்படியும் ஆறு மாதத்தில் ஏதாவது ஓடிடியில் வரும். கூட்டம் அலைமோதி, வரிசையில் ஒரு மணி நேரம் நின்று, ஓரத்து இருக்கையில் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிற தியாகம் அவற்றுக்குத் தேவையில்லை. பெயரே கேள்விப்படாத இயக்குநரின் முதல் படம், கிர்கிஸ்தானிலிருந்தோ பராகுவேயிலிருந்தோ வந்த படம், அது திரும்ப நம் கண்ணில் படாது. அதற்குத்தான் மெட்ரோ ஏற வேண்டும். மோசமான படமாக இருக்க வாய்ப்பு நிறைய. இருக்கட்டுமே, நாம் வாராவாரம் பார்க்காத மோசமான படங்களா?

மூன்றாவதாகச் சொல்வதுதான் எனக்கு முக்கியம். எந்தப் படத்தின் பக்கத்தில் எந்தப் படத்தை வைக்கிறோம் என்பது. விழாக்காரர்கள் அரங்க வசதியைப் பார்த்து வரிசைப்படுத்துகிறார்கள். பார்வையாளர் தன் வரிசையைத் தானே போட்டுக்கொள்ளலாம், வீட்டில் பார்க்கிற படங்களையும் சேர்த்து. விம் வெண்டர்ஸின் ‘பெர்ஃபெக்ட் டேஸ்’ 2023-இல் வந்தது. டோக்கியோவில் பொதுக் கழிப்பறை சுத்தம் செய்யும் ஹிராயாமாவின் நாட்கள். கோஜி யகுஷோவுக்குக் கானில் சிறந்த நடிகர் விருது. மரத்து நிழல், கேசட் பாட்டு, பழைய புத்தகக் கடை என்று மனசு நிறைகிற படம்தான். அந்தக் கழிப்பறைகள் பெயர் பெற்ற கட்டடக் கலைஞர்கள் ஷிபுயாவில் வடிவமைத்தவை. அந்தத் திட்டத்தைப் படம்பிடிக்க வெண்டர்ஸை அழைத்ததிலிருந்துதான் படமே பிறந்தது. இதையும் திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017) ஆவணப்படத்தையும் ஒரே நாளில் பாருங்கள். ஒன்றால் இன்னொன்று பொய்யாகிவிடாது. ஆனால் ஹிராயாமாவின் கையுறையை நீங்கள் கவனிக்கத் தொடங்குவீர்கள். அவர் குடும்பப் பின்னணி ஒரே ஒரு காட்சியில், காரில் வந்திறங்கும் தங்கையின் வழியாக, வசதியானதாகத் தெரிவதைக் கவனிப்பீர்கள். அவர் அந்த வேலையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். நம் ஊரில் அந்த வேலைதான் ஆளைத் தேர்ந்தெடுக்கிறது, பிறப்பிலேயே. சாதியை உள்ளே கொண்டுவராமல் இந்தப் படத்துக்குக் கண் கலங்க ஒரு தமிழ்ப் பார்வையாளருக்கு அபாரமான மறதி வேண்டும்.

தார்தென் சகோதரர்களின் ‘டூ டேஸ், ஒன் நைட்’ (2014) இன்னொரு உதாரணம். 95 நிமிடம், கடைசி மெட்ரோவைப் பற்றிய கவலையே வேண்டாம். அந்தப் படத்தின் கதையே ஓர் அட்டவணைதான். வேலை போகப்போகிற சாந்திரா, சக தொழிலாளர்கள் தங்கள் ஆயிரம் யூரோ போனஸை விட்டுக்கொடுத்தால் பிழைப்பாள். திங்கள்கிழமை வாக்கெடுப்புக்குள், ஒரே வார இறுதியில், ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். யார் வீட்டில் இருப்பார், எந்த பஸ், யார் கதவைத் திறக்கமாட்டார். கதவைத் திறக்கிற ஒவ்வொருவரும் தன் கஷ்டத்தைச் சொல்கிறார், அதுவும் உண்மையாகவே இருக்கிறது. கெட்டவர் என்று ஒருவரை நமக்குக் கையில் கொடுக்காமல் தப்பிக்கிறது திரைக்கதை. திருவொற்றியூர், மணலிப் பக்கம் கான்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தவர்களுக்கு இந்தப் படத்தில் சப்டைட்டில்கூட அதிகம் தேவைப்படாது.

ஆனால் கொருக்குப்பேட்டைக்காரர் வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய படம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் வாங் பிங்கின் ‘வெஸ்ட் ஆஃப் தி டிராக்ஸ்’ என்பேன். மூன்று பாகம், 551 நிமிடம். எந்த அட்டவணைக்குள்ளும் அடங்காத படம். சீனாவின் ஷென்யாங் நகரத்தில் தியேசி என்ற தொழிற்பகுதி. அரசு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்படும் காலம். முதல் பாகம் ஆலைக்குள், இரண்டாவது பாகம் தொழிலாளர் குடியிருப்பில், மூன்றாவது பாகம் முழுக்க அந்த ஆலைகளை இணைக்கும் சரக்கு ரயில் பாதையில். ‘ரெயில்ஸ்’ என்று அந்தப் பாகத்துக்குப் பெயர், இரண்டேகால் மணி நேரம். தண்டவாளத்தை ஒட்டிய குடிசையில் டு என்கிற கிழவரும் அவர் மகனும் இருக்கிறார்கள். நிலக்கரி பொறுக்கிப் பிழைக்கிறார்கள். ஒருநாள் போலீஸ் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போகிறது. மகன் குடும்பப் புகைப்படங்களை எடுத்துப் பார்த்து அழுகிறான். கேமரா எதுவும் செய்யாது. பக்கத்தில் இருக்கும், அவ்வளவுதான்.

நம் படங்களில் கூட்ஸ் யார்டு எதற்கு வரும்? ஒரு கொலைக்கு, அல்லது துரத்தலுக்கு. வேகன்களுக்கு நடுவே கத்தியோடு ஓடுவார்கள், முடிந்ததும் யூனிட் வேனில் ஏறிப் போய்விடுவார்கள். ‘வடசென்னை’, ‘மெட்ராஸ்’, ‘சார்பட்டா பரம்பரை’ இந்தப் பகுதிக்கு முகமும் பேச்சும் கொடுத்த படங்கள், அவற்றை லேசாகச் சொல்லவில்லை. ஆனால் வேலை நடக்கும்போது யார்டு எப்படி இருக்கும், மூட்டை இறக்கிவிட்டு ஆட்கள் எங்கே உட்கார்ந்து டீ குடிப்பார்கள், கேட்டில் நிற்கிற இருபது நிமிடத்தில் ஒருவருக்கொருவர் என்ன பேசுவார்கள் என்பதற்கு நம் சினிமாவில் நேரம் இருந்ததில்லை. வாங் பிங்கிடம் நேரம் மட்டும்தான் இருந்தது. ஒன்பது மணி நேரப் படம் பார்க்க நமக்கு நேரமில்லை என்பதுதான் இதில் உள்ள வேடிக்கை. எந்தத் தொழிலாளியின் நேரத்துக்கு இந்தப் படம் மரியாதை செய்கிறதோ அவரால் இதைப் பார்க்க முடியாது. ‘ரெயில்ஸ்’ பாகத்தை மட்டும் தனியாகத் திரையிட்டால் முடியும்.

டிசம்பர் என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு விழா 2016 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. 2023-இல் மிக்ஜாம் புயல் டிசம்பர் முதல் வாரத்தில் வந்தது, விழா 14 முதல் 21 வரை நடந்தது. இரண்டையும் வைத்துக் கணக்குத் தீர்ப்பது நியாயமில்லை. 2023-இல் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கின. ஆனால் எண்ணூரில் அது வெள்ளத்தோடு முடியவில்லை. மணலி தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்கு வந்தது. படகு, வலை, அலையாத்திச் செடி, கூழைக்கடா எல்லாவற்றின் மேலும் கறுப்பாகப் படிந்தது. விழா தொடங்கிய நாட்களில் காட்டுக்குப்பம் பக்கத்து மீனவர்கள் பக்கெட்டாலும் மக்காலும் வெறும் கையாலும் அதை அள்ளிக்கொண்டிருந்தார்கள். விழா முடிந்து ஐந்தாம் நாள் இரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து ஜனங்கள் தெருவில் ஓடினார்கள்.

அப்படிப்பட்ட வாரத்தில் சினிமா பார்க்கலாமா என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பார்க்கலாம், பார்க்கத்தான் வேண்டும். என் கேள்வி நிகழ்ச்சி நிரலைப் பற்றியது. ஓர் ஊரில் விழா நடத்துகிறவர்கள் அந்த ஊரில் அந்த வாரம் நடப்பதற்கு ஒரு அரை நாளை ஒதுக்க முடியாதா? எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றி மீனவர்களையே மேடையில் பேசவைத்து, எங்கோ ஒரு துறைமுக நகரத்தைப் பற்றிய படத்தைப் பக்கத்தில் போட்டால் உலக சினிமா என்ற சொல்லுக்கு ஒரு தரை கிடைக்கும். அந்தத் திரையிடலை ராயபுரத்தில் வைத்தால் இன்னும் நல்லது. அங்கே ஐட்ரீம் இருக்கிறது, படம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இதற்கெல்லாம் காத்திருக்காமல் சிலர் வேறு வழியில் நடத்துகிறார்கள். அமுதன் ஆர்.பி.யின் ‘மறுபக்கம்’ 1998 முதல் மதுரையில் ஆவணப்பட விழா நடத்திவருகிறது, சென்னையிலும் நடத்துகிறது. மலையாள சினிமாவின் முதல் நாயகியாக நடித்ததற்காக ஊரைவிட்டே துரத்தப்பட்ட பி.கே. ரோசியின் பெயரில் நீலம் பண்பாட்டு மையம் 2022-இல் ஒரு விழா தொடங்கியது. அரங்கம் சின்னது, ஒலி சுமார், சில நேரம் புரொஜெக்டர் மக்கர் பண்ணும். ஆனால் படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு உட்காரவைத்துப் பேசுவார்கள். அடுத்த படத்துக்கு வரிசையில் நிற்க ஓட வேண்டியதில்லை.

ஆகவே என் அட்டவணையில் இரண்டு சனி ஞாயிறு, நடுவில் ஒரே ஒரு வேலை நாள். சாயங்காலக் காட்சி என்றால் 140 நிமிடத்துக்கு மேல் கிடையாது. நீளமான படம் எல்லாம் காலையில். ஒவ்வொரு நாளும் இரண்டு படத்துக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் காலி. மிச்ச இடத்தை ஆவணப்பட விழாவுக்கு வைத்திருக்கிறேன். அண்ணனையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைக்குக் கூப்பிட்டிருக்கிறேன், ஒன்றரை மணி நேரப் படம் என்று சொல்லி. “பன்னெண்டுக்குள்ள வுட்டுடுவானா? ரெண்டு மணிக்கு ஷிப்ட்டு தம்பி” என்றார். விட்டுவிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறேன். படம் முடிந்ததும் கலந்துரையாடல் இருக்கிறது என்பதை இன்னும் சொல்லவில்லை.